கொலு இறக்கியாச்சு, தீபாவளியும் போயாச்சு, ஹால் மட்டும் இன்னும் குடோன் மாதிரி இருக்கா?

நீங்க கேட்டதை ஒரு தடவை சொல்லிக்கிறேன், அப்பதான் எனக்கும் கோர்வையா வரும். கல்யாணமாகி ரெண்டாவது கொலு, மாமியார் கொடுத்த அறுபது சொச்சம் பொம்மை, சேலையூர்ல ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். விஜயதசமி முடிஞ்சதும் அவசர அவசரமா அட்டைப்பெட்டியில போட்டு ஹால் ஓரமா அடுக்கினது அப்படியே நிக்குது, அது மேல தீபாவளி ஸ்வீட் டப்பா, சீரியல் லைட், வந்தவங்க வெச்சுக் கொடுத்த சாமான்லாம் ஏறி உக்காந்திருக்கு. இதை எப்படி ஒழிக்கிறது, ஒழிச்சப்புறம் வீடு மூளியா தெரியாம பொங்கல் வரைக்கும் என்ன பண்றது, கடைசியா ஒரு கேள்வி, வாமனர் கை உடைஞ்சதை அத்தைகிட்ட சொல்றதா வேண்டாமா.

நான் 28 வருஷமா கொலு வைக்கிறேன், அதுல முதல் பத்து வருஷம் உங்க நிலைமைதான். கொஞ்சம் நீளமா போகும், காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல உங்க மேல தப்பு இல்ல, பஞ்சாங்கம் அப்படி. விஜயதசமி வளர்பிறை தசமி, தீபாவளி அடுத்து வர்ற தேய்பிறை சதுர்த்தசி, எண்ணிப் பாத்தா நடுவுல 18லேர்ந்து 20 நாள்தான் கிடைக்கும். 2025ல அக்டோபர் 2 விஜயதசமி, அக்டோபர் 20 தீபாவளி. இந்த 18 நாளுக்குள்ள துணி எடுக்கணும், பட்சணம் பண்ணணும், ஆபீஸ் போகணும், இதுல பொம்மையை ஒவ்வொண்ணா துடைச்சு சுத்தி வைக்க யாருக்கு நேரம் இருக்கு. போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கறதும் கரெக்டா அக்டோபர் மூணாவது வாரம் வாக்குலதான், அதாவது ஊர்லயே காத்துல ஈரம் ஜாஸ்தியா இருக்கற நேரமா பாத்து நாம மண் பொம்மையையும் காகித பொம்மையையும் பெட்டிக்குள்ள அடைக்கிறோம். அதனால நான் என்னைக்கோ ஒரு முடிவுக்கு வந்துட்டேன், படியிலேர்ந்து இறக்கறது ஒரு வேலை, கட்டி வைக்கிறது வேற வேலை, ரெண்டையும் ஒரே நாள்ல செய்யறதில்ல. விஜயதசமி ராத்திரி ஆரத்தி எடுத்து ஒரு பொம்மையை படுக்க வெச்சு, மறுநாள் எல்லாத்தையும் இறக்கி பழைய வேட்டியில தளர்வா சுத்தி ஒரு ரூம்ல வெச்சுட்டா போதும். நிஜமான பேக்கிங் தீபாவளி கழிச்சு, மழை ரெண்டு நாள் விட்டு வெயில் அடிக்கிற ஒரு ஞாயித்துக்கிழமை. இப்ப நீங்க பண்ண வேண்டியதும் அதான், அந்த பெட்டியெல்லாம் அப்படியே பரண்ல ஏத்திடலாம்னு நினைக்காதீங்க, திரும்பப் பிரிக்கணும்.

பிரிச்சு என்ன பண்றதுன்னா, ஃபேன் காத்துல ஒரு ராத்திரி விடுங்க. மதிய வெயில்ல மொட்டை மாடியில வைக்கிறேன்னு கிளம்பிடாதீங்க, கலர் போயிடும், காகித பொம்மை வெடிச்சாலும் வெடிக்கும், காலையில ஜன்னலோரத்துல விழற இளவெயில் தாராளம். ஏசி இருந்தா ராத்திரி அந்த ரூம்லயே படுக்க வையுங்க, ஏசி ஈரத்தை நல்லாவே இழுத்துடும்.

துடைக்கறப்ப ஈரத்துணி தொடவே கூடாது. பழைய பொம்மைங்கள்ல நிறைய தண்ணியில கரைச்ச கலர்தான் பூசியிருக்கும், ஈரம் பட்டா கண்ணு மூக்கெல்லாம் ஒண்ணா கலந்துடும். எங்க வீட்டு சரஸ்வதிக்கு ஒரு புருவம் கிடையாது, அது என் கைங்கரியம். பெயின்ட் கடையில அரை இன்ச் ப்ரஷ் வாங்கி மேலேர்ந்து கீழ தட்டி விடுங்க, மேக்கப் ப்ரஷ் பழசு இருந்தா இன்னும் நல்லது. குங்குமம் கொட்டியிருந்தா முதல்ல வாயால ஊதுங்க, அப்புறம் ப்ரஷ், தண்ணி தொட்டீங்கன்னா அந்த சிவப்பு ஜென்மத்துக்கும் போகாது.

எந்த பொம்மை எதுல செஞ்சதுன்னு தெரிஞ்சுக்கறது முக்கியம், ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் எதிரி வேற வேற. அடியில திருப்பிப் பாருங்க. உள்ள செம்மண் நிறமா, கூடா, தூக்கினா கனமா இருந்தா சுட்ட மண், கொசப்பேட்டை, பண்ருட்டி, மதுரை பக்கம் விளாச்சேரி மாதிரி ஊர்லேர்ந்து வர்றதெல்லாம் பெரும்பாலும் இந்த ரகம், இதுக்கு பயம் இடிபடறதுதான். அளவு பெருசா இருந்தும் தூக்கினா லேசா, தட்டினா பொத்துனு சத்தம் வந்தா காகிதக்கூழ். அதுல இருக்கற பசைமாவு வாசனைக்கு ராமபாணப்பூச்சி, கரப்பான், எலி எல்லாம் விருந்துக்கு வரும். உடைஞ்ச இடத்துல சாக்பீஸ் மாதிரி வெள்ளைப் பொடி உதிர்ந்தா பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மரப்பாச்சி, ஆந்திராவோட கொண்டபள்ளி, கர்நாடகாவோட சன்னபட்னா பொம்மை இதெல்லாம் மரம், கொஞ்சம் முரட்டுத்தனமா வெச்சாலும் தாங்கும். ஆனா கொண்டபள்ளி மரம் ரொம்ப மெது, மாட்டுவண்டி செட்ல சக்கரம், கொம்பு மாதிரி நீட்டிட்டு இருக்கறதை தனியா கவனிங்க.

சுத்தறதுல என் அனுபவத்தை கேட்டுக்கோங்க. முதல் சுத்து எப்பவும் துவைச்சு துவைச்சு மெத்துன்னு ஆன காட்டன் வேட்டி இல்ல புடவை, ரெண்டாவது சுத்துதான் நியூஸ்பேப்பர். பேப்பரை நேரா சுத்தினா அச்சு மை முகத்துல ஒட்டும், வெள்ளைக்கலர் பொம்மைன்னா அடுத்த வருஷம் பார்வதி கன்னத்துல தங்கம் விலை படிக்கலாம். பபுள் ராப் பாக்க ஸ்டைலா இருக்கும், நானும் ஒரு வருஷம் ஆசைப்பட்டு ரோல் ரோலா வாங்கினேன், சித்திரை வைகாசி சூட்டுல பரண் அடுப்பு மாதிரி ஆகும்ல, அந்த பிளாஸ்டிக் பெயின்ட்ல ஒட்டிக்கிட்டு, பிரிச்சப்ப கிருஷ்ணர் உடம்பு முழுக்க அம்மை போட்ட மாதிரி வட்டம் வட்டமா தடம். பபுள் ராப் வேணும்னா மூணாவது சுத்தா வெளியில போடுங்க, பெயின்ட்டை தொடக்கூடாது.

இன்னொண்ணு, கை உடையறது பெரும்பாலும் கீழ விழுந்து இல்ல, இறுக்கி சுத்தறதாலதான். தூக்கின கை, குடை, வேல், புல்லாங்குழல் இதுக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளியில முதல்ல துணியை பந்து மாதிரி சுருட்டி அடைச்சுட்டு அப்புறம் சுத்தணும், அப்ப அழுத்தம் அந்த கையில விழாது. உங்க வாமனரும் இப்படித்தான் போயிருப்பார்னு நினைக்கிறேன், குடை பிடிச்ச கைதானே?

பூச்சிக்கு நான் வசம்பு போடறேன், ஒரு பெட்டிக்கு ரெண்டு மூணு துண்டு, துணியில முடிஞ்சு. வேப்பிலை போடறதா இருந்தா சருகா காஞ்சிருக்கணும், பச்சையா போட்டா அதுவே ஈரம் விட்டு பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டை எனக்குப் பிடிக்காது, சின்னக் குழந்தை இருக்கற வீட்டுல வேண்டவே வேண்டாம். புது ஷூ, ஹேண்ட்பேக்ல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டை வருஷம் முழுக்க சேர்த்து வெச்சு போடலாம், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியா இருந்தா அது கட்டாயம், ஏன்னா காத்து போகாத பெட்டிக்குள்ள போன ஈரம் வெளிய வர வழியே இல்ல.

பெட்டின்னா ஆப்பிள் வர்ற அட்டைப்பெட்டி சைஸ் நல்லா இருக்கும், அதுக்குள்ள பழத்துக்கு குழி குழியா ஒரு ட்ரே வருமே, அந்த குழியில சின்ன பொம்மை ஜம்முன்னு உக்காரும். பழக்கடையில கேட்டா சும்மாவே தருவாங்க, ஆனா பழ வாசனை போற வரைக்கும் ரெண்டு நாள் திறந்து போட்டுட்டு உபயோகிங்க, இல்லன்னா எறும்பு வந்துடும். கனமானது அடியில, லேசானது மேல, இது சொல்லவே வேண்டாம். லேபிள்ல 'பொம்மை 1', 'பொம்மை 2'ன்னு எழுதாதீங்க, ஒண்ணும் புரியாது, நான் பத்து வருஷம் அப்படி எழுதி பத்து வருஷம் எல்லா பெட்டியையும் பிரிச்சேன். படிக்கணக்குல எழுதுங்க, 'மேல்படி, கலசச் சொம்பு, மரப்பாச்சி', 'ரெண்டாம் படி, தசாவதாரம்', இப்படி. கொலு வெச்சப்ப எடுத்த போட்டோவை ஒரு பிரின்ட் போட்டு மூடியோட உள்பக்கம் ஒட்டிட்டா இன்னும் நிம்மதி. மேல்படி பெட்டி பரண்ல முன்னாடி நிக்கணும், அதுதான் முதல்ல வேணும்.

படி ஸ்டீல் ஆங்கிளா? ஆமான்னா போல்ட், நட் எல்லாத்தையும் ஒரு துணிப்பையில போட்டு, ஸ்பேனரையும் அதுலயே போட்டு, அந்த பையை ஒரு ஆங்கிள்லயே கட்டிடுங்க. தனியா 'பத்திரமா' எடுத்து வெச்சா போச்சு. மகாளய அமாவாசை ராத்திரி எட்டரை மணிக்கு எங்க வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை ஷட்டரை பிடிச்சுத் தொங்கினது இன்னும் எங்க குடும்பத்துல பேச்சு.

பரண்ல எங்க வைக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை. பாத்ரூம் மேல இருக்கற பரண் வேண்டாம், அங்க வருஷம் முழுக்க ஈரம். டாப் ஃப்ளோர்னா மொட்டை மாடி சூடு நேரா இறங்கும், அப்ப கட்டிலுக்கு அடியிலயே வைக்கலாம், ஒண்ணும் குறைஞ்சிடாது. சுவத்தை ஒட்டாம ரெண்டு இன்ச் தள்ளி, அடியில பலகை இல்ல தெர்மாகோல் போட்டு வையுங்க, மழைக்கு சுவர் ஓதம் அடிச்சா பெட்டிக்கு ஏறாது.

பொம்மை கதை அவ்ளோதான். இப்ப நிஜமான பிரச்சனைக்கு வர்றேன், அது அந்த வெச்சுக் கொடுத்த சாமான்.

பத்து நாள்ல முப்பது வீட்டுக்குப் போயிருப்பீங்க, முப்பது பேர் வந்திருப்பாங்க. வெத்திலை பாக்கோட ப்ளவுஸ் பிட், பிளாஸ்டிக் டப்பா, குங்குமச் சிமிழ், எவர்சில்வர் கிண்ணம், சின்ன கண்ணாடி, சீப்பு, சணல்ல ஒரு சுருக்குப்பை, பித்தளை மாதிரி பளபளக்கற ஆனா பித்தளை இல்லாத ஒரு விளக்கு. ஒவ்வொண்ணும் ஆசையா கொடுத்தது, தூக்கிப்போட மனசு வராது, உபயோகமும் இல்ல, அதனால 'யாருக்காவது கொடுக்கலாம்'னு ஒரு அலமாரித் தட்டுக்குப் போகும், தட்டு அலமாரி ஆகும், அலமாரி ரூம் ஆகும். எங்க ஏரியாவுல ப்ளவுஸ் பிட் ஒரு வட்டத்துல சுத்திட்டே இருக்கும், ஒரு வருஷம் நான் ஓரத்துல பேனால புள்ளி வெச்சு கொடுத்த கிளிப்பச்சை பிட் ரெண்டு வருஷம் கழிச்சு எனக்கே திரும்ப வந்துச்சு, புள்ளியோட. கொடுத்தவங்க முகத்தை பாத்து நான் 'கலர் ரொம்ப நல்லாருக்கே'ன்னு சொன்னேன், வேற என்ன சொல்றது.

நான் இதுக்கு வெச்சிருக்கற வழி, எல்லாத்தையும் ஒரு பாயில கொட்டி ஒரே உக்காரல்ல பிரிச்சுடறது. இன்னைக்கே சமையலறைக்கு போகக்கூடிய சாமானா? போகட்டும், ஆனா அது உள்ள போனா அங்கேர்ந்து ஒரு பழைய டப்பா வெளிய வரணும். மத்தவங்களுக்கு தரக்கூடியதா? ஒரு பை, ஒரே ஒரு பை, அது கதவுப் பக்கத்துல கண்ணுல படற இடத்துல தொங்கணும், அலமாரிக்குள்ள போனா அடுத்த நவராத்திரிக்குதான் வெளிய வரும். பை நிறைஞ்சா அதுக்கு மேல வெச்சுக்க அனுமதி இல்ல, உங்க வீட்டு வேலைக்கு வர்றவங்ககிட்ட, வாட்ச்மேன் வீட்டுல, தெருமுனை டெய்லர்கிட்ட கேட்டுப்பாருங்க, டெய்லர் ப்ளவுஸ் பிட்டை லைனிங்குக்கு சந்தோஷமா வாங்கிப்பாங்க. கேட்டு கொடுங்க, குப்பையை தள்ளி விடற மாதிரி கொடுக்காதீங்க, அவங்க வீடும் ரெண்டு ரூம்தான். அப்புறம் வெளிர் கலர் காட்டன் பிட்டையெல்லாம் ஒரு தடவை அலசி காய வெச்சு பொம்மை சுத்தறதுக்கே எடுத்துக்கோங்க, சாயம் போற அடர்சிவப்பு, கருநீலம் வேண்டாம். கொலுவுக்கு வந்தது கொலுவுக்கே போகட்டும்.

அடுத்த வருஷம் நீங்க கொடுக்கறப்ப சாமானே கொடுக்காதீங்க. வெத்திலை, பாக்கு, மஞ்சக்கிழங்கு, தேங்காயோ ரெண்டு பழமோ, ஒரு முழம் பூ, சுண்டல். எல்லாம் ரெண்டு நாள்ல தீர்ந்துடும். முதல் வருஷம் எனக்கே கூச்சமா இருந்துச்சு, கஞ்சம்னு நினைப்பாங்களோன்னு, நாலு பேர் தனியா கூப்பிட்டு 'நல்ல வேலை பண்ணீங்க'ன்னு சொன்னப்புறம் கூச்சம் போயிடுச்சு. ஒருத்தங்க மட்டும் இன்னும் முகத்தை தூக்கி வெச்சுட்டுதான் போறாங்க, போகட்டும்.

தீபாவளி சாமான் சுலபம். ஸ்வீட் டப்பா அட்டையெல்லாம் பிரிச்சு தட்டையாக்கி பழைய பேப்பர்காரருக்கு, நெய் ஊறினது குப்பைக்கு. மிச்ச பட்டாசை தயவுசெஞ்சு பரண்ல, அதுவும் பொம்மைத்துணி பக்கத்துல வைக்காதீங்க, கார்த்திகை தீபத்தன்னிக்கு பிள்ளைங்களோட சேர்ந்து வெடிச்சு தீர்த்துடுங்க, நம்ம வழக்கமும் அதானே. சீரியல் லைட்டை ஒரு அட்டையில சுத்தி, ரெண்டு முனையும் வெளிய தெரியற மாதிரி விட்டு, எரியுதான்னு பாத்துட்டே கட்டுங்க. எரியாததை 'சரி பண்ணிக்கலாம்'னு வைக்காதீங்க, பண்ண மாட்டீங்க.

பித்தளைக்கு மட்டும் நேரம் கொடுங்க. குத்துவிளக்குல எண்ணெய் பிசுக்கோட எடுத்து வெச்சா அடுத்த வருஷம் அது தார் மாதிரி ஆயிடும். முதல்ல உலர்ந்த கோதுமை மாவோ அரிசி மாவோ போட்டு துணியால அழுத்தித் துடைச்சா பாதி எண்ணெய் மாவுல வந்துடும், அப்புறம் சுடுதண்ணியில ஒரு ஸ்பூன் சலவை சோடா போட்டு ஊற வைங்க, அதுக்கப்புறம்தான் புளியோ பீதாம்பரியோ. எண்ணெயோட நேரா புளி போட்டு தேய்க்கிறதாலதான் கை வலிக்குது. கழுவின கையோட ஒரு சொட்டு ஈரம் இல்லாம துடைச்சு வெயில்ல காட்டணும், விட்டா கறுப்பு கறுப்பா புள்ளி விழும். வெள்ளிச் சாமானை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீங்க, ரப்பர்ல கந்தகம் இருக்கு, பேண்ட் பட்ட இடத்துல கோடு மாதிரி கறுத்துடும். ஜிப் கவர்ல ஒரு சாக்பீஸோட போட்டு காத்தை அமுக்கி மூடுங்க, போதும்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, எல்லாம் ஒழிச்சா வீடு மூளியா தெரியுமேன்னு.

தெரியும், ஒரு வாரம். நிஜமாவே ஹால் பெருசாகி எதிரொலி கேக்கும். அந்த ஒரு வாரம் எதையும் வாங்கி வைக்காதீங்க, இதுதான் நான் கெஞ்சிக் கேக்கறது. கொலு இவ்ளோ அழகா தெரியறதுக்கு காரணமே அது வருஷத்துல பத்து நாள்தான் இருக்கும்ங்கறதாலதான், பன்னெண்டு மாசமும் ஹால்ல ஏழு படி நின்னா துணி காயப்போட ஆரம்பிச்சுடுவோம். வாசல்ல அந்த பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் இருக்கே, போன ஆடியில மாட்டினது, தூசி படிஞ்சு சாம்பல் கலர்ல தொங்குது, யாராவது அதை பாக்கறாங்களா? முதல்ல அதை கழட்டுங்க. நிஜ மாவிலையா இருந்தாலும் சருகானதும் எடுத்துடணும், நாள் கிழமைக்கு மட்டும் புதுசா கட்டினா வாசல் பளிச்சுனு பேசும்.

என் வீட்டுல அலங்காரத்துக்குன்னு ஒரே ஒரு இடம்தான், ஹால்ல நுழைஞ்சதும் எதிர்ல ஒரு பழைய மரப்பலகை, ரெண்டடிக்கு ஒரு அடி. அதுல மாசத்துக்கு ஒண்ணு. உங்ககிட்ட அறுபது பொம்மை இருக்குல்ல, கட்டி வைக்கிறப்பவே நாலஞ்சை மட்டும் தனியா ஒரு சின்ன பெட்டியில போட்டு கைக்கெட்டற இடத்துல வையுங்க. கார்த்திகைக்கு முருகர், சுத்தி அகல். மார்கழிக்கு ஆண்டாள். தை மாசத்துக்கு அந்த உழவர் செட்டோ மாட்டுவண்டியோ, பக்கத்துல ரெண்டு நெல்கதிர். ஒண்ணு வந்தா ஒண்ணு உள்ள போயிடணும், ரெண்டு சேர்ந்து நிக்கக்கூடாது. சில வீடுகள்ல கொலு பொம்மையை நடுவுல எடுக்கக்கூடாதுன்னு சொல்வாங்க, அத்தையை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, வேண்டாம்னா ஒரு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை இதுக்குன்னு தனியா வாங்கிக்கோங்க, அது நிக்கற இடமே கலகலன்னு இருக்கும்.

உருளியில தண்ணி விட்டு பூ மிதக்க விடறது எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனா ஐப்பசி கார்த்திகை டெங்கு சீசன், அந்தக் கொசு முட்டையிடறதே இந்த மாதிரி தெளிஞ்ச தண்ணியிலதான், ஒரு வாரம் பத்து நாள்ல முட்டை கொசுவா பறந்துடும். தினமும் தண்ணி கொட்டி, உருளி ஓரத்தை தேய்ச்சு கழுவ முடியும்னா வையுங்க. முடியாதுன்னா அதே உருளியில தண்ணியே இல்லாம எலுமிச்சம்பழம், மாதுளம்பழம்னு குவிச்சு வையுங்க, அதுவும் அழகுதான், சாப்பிட்டும் தீர்க்கலாம்.

கார்த்திகைக்கு புது மண் அகல் வாங்கினா முந்தின நாளே தண்ணியில ஊறப்போட்டு காய வைங்க, இல்லன்னா பாதி எண்ணெயை விளக்கே குடிச்சுடும். ஃப்ளாட் காரிடார் டைல்ஸ்ல நேரா வைக்காம வாழையிலைத் துண்டு மேல வையுங்க. அப்படியும் எண்ணெய் சிந்தினா உடனே துடைக்காம கடலைமாவை தூவி ஒரு மணி நேரம் விட்டு கூட்டி எடுங்க. மார்கழிக்கு வாசல் கோலம் ஒண்ணே போதும், ஸ்டிக்கர் கோலத்தை உரிச்சுட்டு அரிசிமாவுல நாலு இழை இழுங்க, செம்மண் பார்டர் கட்டுங்க, பூசணிப்பூ கிடைச்சா நடுவுல ஒண்ணு. தினமும் அழிஞ்சு தினமும் புதுசா வர்ற அலங்காரம், பரணே தேவையில்ல. பொங்கலுக்கு கரும்பும் மஞ்சக்கொத்தும் தானா வந்து வாசல்ல நிக்கும், அதுக்கு மேல நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், கொங்குப்பக்கம் சொந்தம் இருந்தா சிறுபீளை, ஆவாரம்பூ, வேப்பிலை வெச்சு காப்புக் கட்டறதை கேட்டுப் பாருங்க, வாசல் நிலையில அந்த சின்னக் கொத்து சொருகினதும் ஒரு களை வரும்.

போகியை கடைசி கெடுவா வெச்சுக்கோங்க. 'பழையன கழிதலும் புதியன புகுதலும்'னு ஒவ்வொரு போகிக்கும் எல்லாரும் ஃபார்வர்ட் பண்றாங்களே, அது நன்னூல்ல வர்ற வரி, மொழியில பழைய சொல் வழக்கொழிஞ்சு புது சொல் வர்றதைப் பத்தி இலக்கணக்காரர் சொன்னது, பழைய பாயை கொளுத்தச் சொல்லல. கொளுத்தவும் வேண்டாம். 2018 போகியன்னிக்கு பனியோட புகையும் சேர்ந்து சென்னை ஏர்போர்ட்ல ஃப்ளைட்டெல்லாம் இறங்க முடியாம தவிச்சது ஞாபகம் இருக்கும். சமீப வருஷங்கள்ல மாநகராட்சியே போகிக்கு முன்னாடி பழைய துணி, டயர், பிளாஸ்டிக்கை தனியா வாங்கிக்கறாங்க, உங்க பக்கம் எப்படின்னு குப்பை வண்டியில வர்றவங்களை கேளுங்க. அதுக்குள்ள கதவுல தொங்கற அந்த பையும் காலியாயிருக்கணும்.

உடைஞ்ச பொம்மையை அரசமரத்தடியிலயும் கோயில் மதிலோரத்துலயும் வெச்சுட்டு வர்றாங்க, எனக்கு அதை பாத்தாலே கஷ்டமா இருக்கும், மழையில முகம் கரைஞ்சு உக்காந்திருக்கும். ஆத்துலயும் போடாதீங்க, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் லேசுல கரையாது, நீர்நிலையில கரைக்கிற சிலைக்கு அதை உபயோகிக்கவே கூடாதுன்னு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020லயே வழிமுறை போட்டுருக்கு. கை கால் நல்லா இருந்து கலர் மட்டும் போனதை பொம்மை செய்யறவங்ககிட்ட கொடுத்தா திரும்ப வர்ணம் பூசித் தருவாங்க, நவராத்திரிக்கு முன்னாடி போனா அவங்களுக்கு நேரம் இருக்காது, தை மாசிக்கு மேல போங்க. முழுசா இருந்தும் உங்களுக்கு வேண்டாத பொம்மையை, புதுசா கொலு ஆரம்பிக்கிற வீட்டுக்கு கொடுங்க. அறுபதும் உங்க கிட்டயே இருக்கணும்னு சட்டமில்ல, ஆனா கொடுக்கறதுக்கு முன்னாடி, மறுபடியும் சொல்றேன், அத்தையை கேட்டுடுங்க.

அப்ப வாமனர். கை உடைஞ்ச துண்டு கிடைச்சுதா? மண்ணோ காகிதமோ, துண்டு சுத்தமா பொருந்தினா ஃபெவிகால் தடவி, ரப்பர் பேண்டோ செல்லோடேப்போ போட்டு ஒரு நாள் அசையாம வைங்க. துண்டு நொறுங்கிப் போச்சுன்னா எம்சீல் பிசைஞ்சு கையை நீங்களே வெச்சுடலாம், விரலெல்லாம் பாக்கப் போறதில்ல யாரும், காஞ்சதும் நைஸா சாண்ட்பேப்பர் காட்டி அக்ரிலிக் கலர் தொட்டு வையுங்க. எனாமல் பெயின்ட் வேண்டாம், அந்த இடம் மட்டும் பளபளன்னு மின்னிக் காட்டிக்கொடுத்துடும். குடைக்கு ஐஸ்க்ரீம் குச்சியை சீவினா போதும்.

ஒட்டறதுக்கு முன்னாடி அத்தைகிட்ட சொல்லிடுங்க. நான் கல்யாணமான மூணாவது வருஷம் கூர்மத்தை உடைச்சேன், சொல்லாம ஒட்டி, ஒட்டின பக்கத்தை பின்னாடி திருப்பி வெச்சேன், எங்க அத்தை ஹாலுக்குள்ள வந்து உக்காந்த அஞ்சாவது நிமிஷம் 'ஆமை ஏன் சுவத்தை பாக்குது'ன்னு கேட்டாங்க. ரெண்டு நாள் பேசல. உடைச்சதுக்கு இல்ல, திருப்பி வெச்சதுக்கு. மூணாம் நாள் அவங்களே கண்ணாடியை போட்டுட்டு வந்து உக்காந்து, நான் ஒட்டினதை பிரிச்சு, சரியா ஒட்டினாங்க, அவங்க கல்யாணத்துக்கு கும்பகோணத்துலேர்ந்து வைக்கோல் பொதிஞ்ச கூடையில இந்த செட் வந்த கதையையும் அப்பதான் சொன்னாங்க. இன்னைக்கும் அந்த கூர்மத்துக்கு முதுகுல ஒரு கோடு இருக்கு.

ஒருவேளை அத்தை புதுசே வாங்கிக்கோன்னு சொன்னா, ஒத்தை அவதாரம் தேடறது கஷ்டம், பெரும்பாலும் பத்தும் செட்டாதான் கொடுப்பாங்க. மிச்ச ஒன்பதுல நரசிம்மரையும் பரசுராமரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுத்துக்கோங்க, அவங்க உயரத்தை இன்ச்சுல அளந்து குறிச்சுக்கோங்க, வாமனர் மத்தவங்களை விட குட்டையா இருக்கணும்ங்கறதை மறந்துடாதீங்க. நவராத்திரி சமயம் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில பிளாட்ஃபாரம் முழுக்க கடை போடுவாங்க, முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள போய் கேட்டா செட்ல ஒண்ணு உடைஞ்சு மிச்சம் நிக்கறது சில கடையில இருக்கும், அதுல வாமனர் முழுசா இருந்தா அதிர்ஷ்டம்.